சுழிக்குக் கீழே

நிரல் என்று பார்த்தால் ஐம்பத்திரண்டு வரி.
பாலாற்றுப் பாலத்தின் தூணில் கட்டிய கருவி
கீழே ஒலி அனுப்பும், அது திரும்பி வரும்,
தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும்.
அவ்வளவுதான் எங்கள் மென்பொருள்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

துணைக்கோப்பு முந்நூற்றுப் பதினேழு.
எல்லாம் வாசலிலேயே கிடந்தது,
ரயில் தாமதமான இரவில் காட்பாடி ஜங்ஷனில்
ஆள்மேல் ஆளாகப் படுத்திருப்பதுபோல.
டெஸ்ட், டெஸ்ட் புதுசு, டெஸ்ட் புதுசு கடைசி,
கருவியை வைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கு
பியூலா வரைந்த அளவுப்படம்,
ஒரே வேலையைச் செய்யும் மூன்று ஸ்கிரிப்ட்,
சத்துவாச்சாரிக் கடையில் சாலிடரிங் செய்த பில்.
அதை யார் ஏற்றியது என்று கேட்டேன்.
ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கத்திரி பிறக்க இன்னும் பத்து நாள்.
வேலூருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.
இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து அறை பிரித்தேன்:
கருவிகளுக்கு ஒன்று, ஆவணங்களுக்கு ஒன்று,
அளந்த தரவுக்கு ஒன்று.
‘இதர’ என்று ஒன்று வைக்கவே கூடாது
என்று உறுதியாக இருந்தேன்.
ஒரு மணிக்கு வைத்துவிட்டேன்.

‘ஆடு நீக்கி’ எங்கே போகும்?
எழுதியவன் தமீமுதீன், பேர்ணாம்பட்டுக்காரன்.
மத்தியானம் பாலத்து நிழலுக்கு ஆடுகள் ஒதுங்கும்.
கருவிக்கு ஆட்டு முதுகும் ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான்.
மே மாதத்துப் பாலாற்றில் அறுபது சென்டிமீட்டர்
என்று திரையில் பார்த்ததும்
பைக்கை முடுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.
‘தண்ணீர் அசைபோட்டுக்கொண்டிருந்தது’
என்று கமிட் குறிப்பு.
கருவிகள் அறையில் முதல் இடம் அதற்கு.

அப்போதுதான் யாக்கோவின் கோரிக்கை வந்தது.
பின்லாந்துக்காரர், நல்ல மனுஷன்,
எங்கள் நிரலைத் தன் ஊர் ஓடையில் மாட்டியிருப்பவர்.
‘ஒழுங்குபடுத்துகிறீர்கள் போல, நானும் கைகொடுத்தேன்.
தரவில் ஆயிரத்து நூறு நாள் வெறும் சுழி.
கருவி பழுதாகியிருக்க வேண்டும்.
அந்தக் கோப்புகளை எடுத்துவிட்டேன்,
நான்கு மெகாபைட் மிச்சம்.
இணைத்துக்கொள்ளுங்கள்.’

பச்சைப் பொத்தான். ஒரு விரல் தூரம்.

அய்யா, கருவி நன்றாக இருக்கிறது,
ஆறுதான் அப்படி, என்று எழுதினேன்.
எழுதியதை அழித்தேன்.
ஆதாரம் காட்டலாமே என்று
அளவுத்திருத்தக் கோப்பைத் தேடினேன்.
இதரவில் இருந்தது. போட்டது நான்தான்.

மாதம் ஒரு தரம் பியூலா பாலத்தடிக்கு இறங்கி
கருவியிலிருந்து மணல்வரை டேப் பிடிப்பாள்.
அந்த எண்ணைத்தான் சுழி என்று வைத்துக்கொள்வோம்.
முதல் தையில் முந்நூற்றுப் பத்து.
ஆடியில் முந்நூற்று நாற்பத்தாறு.
மறு தையில் நானூற்றை ஒட்டி.
எண்ணுக்குப் பக்கத்தில் அவள் குறிப்பு:
டயர் தடம்.
டயர் தடம், புதுசு.
எதற்கு அளக்கிறாய் என்று ஒருத்தர் கேட்டார்,
காலேஜ் புராஜெக்ட் என்றேன்.
கடைசி வரியில் எண் இல்லை.
ஐந்து மீட்டர் டேப் பத்தவில்லை.

ஆயிரத்து நூறு சுழி.
ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கிப் போயிருக்கிறது.
நிரல் கழித்துப் பார்த்துச் சுழி என்றுதான் சொல்லும்.
அப்படிச் சொல்லத்தான் நாங்கள் பழக்கினோம்.

வரலாறு அறுந்துவிடாத கட்டளை ஒன்று உண்டு,
அதைக் கொடுத்துக் கோப்பை நகர்த்தினேன்.
புது அறை. பெயர் ‘மணல்’.
ரீட்மீயின் முதல் பத்தியிலேயே அதற்கு வழி எழுதினேன்.
யாக்கோவுக்கு நன்றி சொல்லி, மறுத்து,
அந்தக் கோப்பின் சுட்டியை மட்டும் ஒட்டினேன்.

விடியற்காலை அவரிடமிருந்து ஒரே வரி:
மணல் எங்கே போகிறது?

பதில் தெரியாத கேள்விக்கும் ஒரு எண் கொடுக்கலாம்.
எண்பத்தெட்டு. நிலை: திறந்திருக்கிறது.

ஏழு மணிக்கு பியூலா கூப்பிட்டாள்.
பத்து மீட்டர் டேப் வாங்கணும் என்றாள்.
வாங்கு, பில்லை ஏற்று என்றேன்.
எங்கே வைப்பது என்றாள்.
சாலிடரிங் பில்லுக்குப் பக்கத்தில்.